சாலையோரத்தில் கொட்டிய தீனி

வெர்லின் ஸ்கோக்மோ வேட்டைக்குப் போகும் நாளில் தன் பிக்கப் வண்டியின் கதவை ஒருநாளும் அறைந்து சாத்தியதில்லை. கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு கதவை மெல்லப் பொருத்துவான். பிறகு இடுப்பால் ஓர் அழுத்து. அவ்வளவுதான். நாய்க் கூண்டின் தாழ்ப்பாளில் பழைய சாக்ஸ் ஒன்றைச் சுற்றி வைத்திருந்தான். மின்னி என்ற அந்தப் பழுப்பு நாயும் கீழே குதித்தால் குரைக்காது. ஃபெசன்ட் என்ற அந்த நீள்வால் காட்டுக்கோழிக்குக் காது கூர்மை. சாலையில் ஒரு கதவு அறைந்தால், புல்லுக்குள் அரை மைல் தொலைவில் நிற்கும் சேவல் கழுத்தை நீட்டி ஓடத் தொடங்கிவிடும்.

பிரான்வோல்ட் ஊரில் இதைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. தானியக் கிடங்கில் அவனோடு வேலை பார்த்த டுவேன் ஃபெட்டிக்தான் அதில் முதல் ஆள்.

"நீ கதவைச் சாத்தி முடிக்கறதுக்குள்ள நான் மூணு சேவலைச் சுட்டு, உரிச்சு, வறுத்தே தின்னுடுவேன்டா."

"நீ சுட்டாத்தானே உரிக்கறதுக்கு" என்பான் வெர்லின். டுவேன் நடப்பது எருமை நடப்பது போல இருக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

கேலி எவ்வளவு செய்தாலும், அந்த வட்டாரத்தில் நாயோடு புல்லுக்குள் நடக்கத் தெரிந்தவன் யார் என்று கேட்டால் டுவேனே வெர்லின் பெயரைத்தான் சொல்லுவான். காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாகப் போய்த்தான் நிலத்தில் இறங்குவான். அவசரப்பட மாட்டான். பத்தடி நடந்து நிற்பான். மனிதன் நின்றுவிட்டால் ஒளிந்திருக்கும் பறவை பயந்து அசைந்துவிடும். மின்னி மூக்கை நீட்டி, ஒரு முன்காலைத் தூக்கியபடி உறைந்து நின்றால், அவன் அதன் தோளுக்குப் பக்கத்தில் போய் நிற்பான். சேவல் கொக்கரித்துக்கொண்டு மேலே கிளம்பும். பெட்டை கிளம்பினால் துப்பாக்கியைத் தூக்கவே மாட்டான். சட்டமும் அதுதான். சேவலை மட்டும்தான் சுடலாம். கிளம்பிய கணத்தில் சேவலா பெட்டையா என்று தெரியாமல் தடுமாறுகிறவர்கள் நிறையப் பேர். அவனுக்கு அந்தத் தடுமாற்றம் வந்ததே இல்லை. சுட்டு முடித்ததும் வெற்றுத் தோட்டாவைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வான். மற்றவர்கள் விட்டுப்போனதையும் சேர்த்துத்தான்.

அவனுக்குச் சொந்த நிலம் கிடையாது. அவன் பள்ளியில் படிக்கும்போதே அப்பாவின் நிலம் ஏலத்தில் போய்விட்டது. அக்கா ஆர்டிஸ் பள்ளிச் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். இவன் படிப்பை முடித்ததும் தானியக் கிடங்குக்குப் போனான். லாரியை எடை போடுவது, கோதுமையில் மாதிரி எடுப்பது, சல்லடை இயந்திரத்தைச் சுத்தம் செய்வது என்று அங்கேயே தலை நரைத்தது. ஒரு கல்யாணம் நடந்து, அது கொஞ்ச நாளில் முறிந்தும் போனது. அதைப்பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் மாவுருண்டை போட்ட உருளைக்கிழங்கு சூப். வருஷத்தில் மூன்று மாதம் மாவிஸ் க்விஸ்டின் நிலம். அவன் வாழ்க்கை இந்த இரண்டுக்குள் நிறைவாக இருந்தது.

மாவிஸின் நிலம் ஒரு சதுர மைல். அவளுடைய கணவர் எல்ராய் உழுவதை நிறுத்திப் புல்லுக்கு விட்டது. நடுவில் ஒரு பள்ளம், அதில் ஆள் உயரத்துக்குச் சம்பங்கோரை. அரசின் வேட்டைத்துறை நிலக்காரரோடு ஒப்பந்தம் போட்டு, ஒரு சிறு தொகை கொடுத்து, வேலியில் மஞ்சள் முக்கோணப் பலகைகளை அடித்துவிடும். அந்தப் பலகை இருந்தால் யாரும் யாரையும் கேட்காமல் உள்ளே போய் வேட்டையாடலாம். நடந்து மட்டும். வண்டி ஏறக்கூடாது. அந்தப் பக்கத்தில் இப்படித் திறந்து கிடந்தது அந்த ஒரு நிலம்தான். மற்றதெல்லாம் 'உள்ளே வராதே' பலகை. வடக்கு வேலிக்கு அப்பால் கர்ட் வாங்ஸ்நெஸ் வேட்டை விடுதி நடத்தினான். வெளியூர்ப் பணக்காரர்கள் வந்து தங்கிச் சுடுகிற இடம். மாவிஸின் நிலத்தையும் தனக்கே குத்தகைக்கு விடும்படி அவன் ஒவ்வொரு வருஷமும் வந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

நிலத்தின் மூலையில்தான் மாவிஸின் வீடு. வேட்டைக்காரர்கள் வண்டி நிறுத்தும் இடம் அவள் சமையலறை ஜன்னலுக்கு நேராகத் தெரியும். எல்ராய் இறந்த பிறகு அவளுக்கு அக்டோபர் மாதம்தான் ஆள்முகம் பார்க்கிற மாதம்.

"கர்ட்டுக்கு நான் ஏன் குடுக்கல தெரியுமா?" என்று ஒருநாள் வெர்லினிடம் சொன்னாள். அவன் உரித்துக் கழுவிய இரண்டு சேவல்களை அவள் வீட்டுப் படியில் வைத்துவிட்டுத் திரும்பும்போது பிடித்து உட்கார வைத்துக் காப்பி கொடுத்திருந்தாள். "காலையில எந்திரிச்சா அங்க அஞ்சாறு வண்டி நிக்கணும். நாய் ஓடணும். எவனாவது எவனையாவது திட்டணும். பறவை இருந்தா ஆளுங்க வருவாங்க. ஆளுங்க வர்ற வரைக்கும் கையெழுத்துப் போடுவேன். வெறும் புல்லுக்குக் காவல் இருக்க என்னால முடியாதுப்பா."

"எப்ப முடியுது ஒப்பந்தம்?"

"அடுத்த அக்டோபர் கடைசியில."

"பறவைக்கு என்ன, நிறைய இருக்கு" என்றான் வெர்லின். அப்போது உண்மையிலேயே நிறைய இருந்தன.

அந்த வருஷம் நவம்பரில் விழுந்த பனி உருகவே இல்லை. அதன்மேல் அடுத்தது, அதன்மேல் இன்னொன்று. மேல்பக்கம் ஓடுபோல இறுகிவிட்டது. பறவைகளால் கொத்தித் தீனி எடுக்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்ததும் சரளைச் சாலையோரத்தில் ஃபெசன்ட்கள் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நின்றன. வண்டி வந்தாலும் ஒதுங்கவில்லை. வெர்லின் அதைப் பார்த்துவிட்டு அன்று மதியம் கொண்டுபோன ரொட்டியைத் தின்னாமல் திருப்பிக் கொண்டுவந்தான்.

கடுங்குளிர் வருஷங்களில் தானியக் கிடங்கின் கழிவுத் தானியத்தை எடுத்துப்போய்ப் பறவைகளுக்குக் கொட்டுவது அந்த ஊர் ஆண்களின் வழக்கம். சல்லடையில் கழிந்த உடைந்த பார்லி, பொக்குக் கோதுமை, களை விதை. வெர்லின் மேலாளரிடம் கேட்டு மூட்டை மூட்டையாகக் கட்டினான். முதல் மூட்டையைக் குழந்தைகளின் பனிச்சறுக்குப் பலகையில் ஏற்றி, கயிறு கட்டி, கோரைப் பள்ளம்வரை நடந்தே இழுத்துப்போனான். ஒவ்வோர் அடிக்கும் பனியின் ஓடு உடைந்து தொடைவரை உள்ளே போனது. திரும்பி வந்தபோது அவனுடைய வலது முழங்கால் தலையணை மாதிரி வீங்கியிருந்தது. மறுநாள் படியேற முடியவில்லை.

மாவிஸ் இதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிராக்டர் கொட்டகையில சும்மாதான் நிக்குது. எடுத்துட்டுப் போ. பள்ளத்துக்குப் பக்கத்துலயே கொட்டிட்டு வா."

"வண்டி ஏறக்கூடாதுன்னு பலகை இருக்கே, மாவிஸ்."

"அது வேட்டைக்காரனுக்கு. நிலம் என்னோடது, நான் சொல்றேன் போன்னு."

"ஒரு சக்கரத் தடம் விழுந்தா போதும். நாளைக்கு டுவேன் அதே தடத்துல வண்டிய விடுவான். அவனப் பாத்து இன்னொருத்தன். அப்புறம் நடந்து போற நிலம்ங்கறது பேருக்குத்தான் இருக்கும்."

"உன்னைப் போல ஒரு பிடிவாதக்காரன நான் பாத்ததில்ல. எல்ராய்கூட உனக்கு அடுத்துதான்."

ஆர்டிஸ் இந்தப் பேச்சைப் பள்ளிச் சமையற்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னாள். நிலக்காரியே அனுமதி கொடுத்தும் வண்டியை ஏற்றாத ஆள் தன் தம்பி என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

அதனால் வெர்லின் தீனியைச் சாலையோரத்திலேயே கொட்டினான். வேட்டைக்காரர்கள் வண்டி நிறுத்தும் இடத்தைப் பனி தள்ளும் இயந்திரம் சுத்தமாக வழித்து வைத்திருந்தது. முழங்காலுக்கு வேலை இல்லை. பலகைக்கு மரியாதையும் கெடவில்லை. கொட்டிவிட்டு, குவியலாக இல்லாதபடி மண்வாரியால் பரப்பியும் விட்டான். பள்ளத்துக்கும் அந்த இடத்துக்கும் நடுவே மறைவென்று ஒரு புதர்கூடக் கிடையாது. வெறும் வெள்ளை. அதை அவன் பார்த்தான். பசித்த பறவை நடந்து வந்துவிடும் என்று நினைத்தான்.

வந்தன. முதலில் நாலைந்து பெட்டைகள். பிறகு கூட்டம் கூட்டமாக. சேவல்களின் செம்புநிற மார்பு பனியில் பளபளத்தது. கௌதாரிகளும் வந்து ஓரத்தில் கொத்தின. காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை என்று பள்ளத்திலிருந்து வரிசையாக வந்துபோயின. ஊர்க்காரர்கள் வேலை முடிந்து குழந்தைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தார்கள். ஆர்டிஸ் சமையற்கூடத்துப் பெண்களை அழைத்துவந்தாள்.

"எங்க தம்பி வளக்கற கோழிங்க" என்றாள்.

"கோழின்னு சொல்லாத அக்கா, அதுங்களுக்குக் கோவம் வரும்" என்றான் வெர்லின். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் அவன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

மாவிஸ் போன் செய்தாள். "ஜன்னல விட்டு நகர முடியல. சூப்பு அடிபிடிச்சுப் போச்சு. அடுத்த அக்டோபர் எதுக்கு, அந்த வேட்டைத்துறை ஆள இப்பவே வரச்சொல்லு, கையெழுத்துப் போட்டுடறேன்."

வேட்டைத்துறை ஆள் வசந்தத்தில்தான் வருவான். பனி வடியட்டும் என்று வெர்லின் சொன்னான்.

பிப்ரவரியில் ஒருநாள் காலை திடீரென்று இளஞ்சூடு. கிடங்கின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆட்கள் கோட்டைக் கழற்றிவிட்டு வேலை பார்த்தார்கள். மதியம் மெல்லிய தூறல். பிறகு காற்று ஒரேயடியாக நின்றது. வெர்லின், கோதுமை மாதிரி எடுக்கும் குழாயைக் கையில் பிடித்தபடி வடமேற்கைப் பார்த்தான். வானம் அங்கே சிலேட்டு நிறத்தில் தரைவரை இறங்கியிருந்தது.

"டுவேன், நேரம் என்ன?"

"மூணு. ஏன், உனக்குப் பொண்ணு பாக்கப் போகணுமா?"

பிற்பகல் தீனி நேரம். இறகெல்லாம் தூறலில் நனைந்திருக்கும். வெர்லின் பிக்கப்புக்கு ஓடினான். ஊர் எல்லையைத் தாண்டுமுன் புயல் வந்து மோதியது. வண்டியின் முன்மூடி கண்ணுக்குத் தெரியவில்லை. பனி தள்ளும் இயந்திரத்தை ஓட்டுகிறவன் குறுக்கே நிறுத்தி, கையை ஆட்டித் திருப்பி அனுப்பிவிட்டான். வெர்லின் கிடங்குக்கு வந்து மாவிஸுக்குப் போன் போட்டான்.

"ஜன்னல்ல பாருங்க. பறவைங்க பள்ளத்துக்குப் போயிடுச்சா?"

"கொஞ்சம் முன்னாடி தின்னுட்டு இருந்துச்சு. பத்து நாள் பட்டினி கிடந்த மாதிரி."

"இப்ப?"

"இப்ப ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமே தெரியல, வெர்லின்."

சாலை திறக்க இரண்டு நாள் ஆனது. ஆர்டிஸும் கூட வந்தாள். அவனைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனமில்லை. தீனி போட்ட இடத்திலேயே ஆறேழு கிடந்தன. மற்றவை அங்கிருந்து பள்ளம்வரை, வேலிக்கம்பிகளின் அடியில், சிறு சிறு மேடுகளாகத் தெரிந்தன. எல்லாம் காற்று வந்த திசையைப் பார்த்தபடி குந்தியிருந்தன. நனைந்த இறகுக்குள் பனி புகுந்து கட்டியாகியிருந்தது. மூக்கின்மேல் கோலிக்குண்டு அளவுக்குப் பனிக்கட்டி உறைந்து மூச்சை அடைத்திருந்தது. கோரையிலிருந்து கல்லெறி தூரத்தில் சில. அவ்வளவு பக்கம் வந்து நின்றுவிட்டன.

ஒரு பெட்டைக்கு மட்டும் கண் இமை அசைந்தது. வெர்லின் அதன் மூக்கை வாயால் ஊதி, உள்ளங்கையால் பொத்திப் பனியைக் கரைத்தான். கோட்டுக்குள் விட்டுக்கொண்டான். வண்டிக்குத் திரும்புமுன் அதுவும் தலையைத் தொங்கவிட்டது.

"புயல் அடிச்சா நீ என்னடா பண்ணுவ? நீயா புயல வரச்சொன்ன?" என்றாள் ஆர்டிஸ்.

அவன் வடக்கு வேலியைக் காட்டினான். கர்ட்டின் நிலத்துக் கோரையிலிருந்து ஃபெசன்ட்கள் கிளம்பி, கர்ட் அறுக்காமல் விட்டிருந்த மக்காச்சோளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. மக்காச்சோளம் கோரையை ஒட்டியே நின்றது.

"அங்கயும் அதே புயல்தான், அக்கா."

ஆர்டிஸ் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள். குனிந்து அவளும் பொறுக்கினாள். உறைந்த பறவைகள் பிக்கப்பின் தொட்டியில் விழும்போது விறகு விழுகிற சத்தம் கேட்டது.

மாவிஸிடம் அவனே போய்ச் சொன்னான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலிலேயே நின்றான்.

"பள்ளத்துக்குள்ள இருந்திருந்தா பாதியாவது தப்பிச்சிருக்கும். நான்தான் வெளிய இழுத்துட்டு வந்தேன்."

"டிராக்டர எடுத்துட்டுப் போன்னேனே" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. காப்பி ஊற்றினாள். அவன் குடிக்கவில்லை.

ஊரில் யாரும் அவனைப் பழிக்கவில்லை. டுவேன்கூடக் கேலியை நிறுத்திவிட்டான். வெர்லினுக்கு அதுதான் தாங்கவில்லை. ஏதாவது சொல்லித் தொலையேன்டா என்று ஒருநாள் கத்திவிட்டான்.

"என்னத்த சொல்ல?" என்றான் டுவேன். "எங்க அப்பனும் இப்படித்தான் ரோட்டோரத்துல கொட்டினாரு. எல்லாரும் அப்படித்தான் கொட்டறோம். அந்தந்த வருஷம் புயல் வரல, அவ்வளவுதான். ரெண்டு மூணு வருஷத்துல திரும்பப் பெருகிடும்டா."

"மூணு வருஷம் யாரு காத்துக்கிட்டு இருப்பா?"

வசந்தத்தில் வேட்டைத்துறை ஆள் வந்தான். மாவிஸ் அவனிடம் அக்டோபர் வரட்டும், பார்க்கலாம் என்றாள். அந்த மே மாதம் விடியற்காலைகளில் வெர்லின் வேலைக்குப் போகுமுன் நிலத்தோரம் நின்று சேவல் கூவுகிறதா என்று கேட்பான். கர்ட்டின் பக்கமிருந்து கூவல் வந்தது. இந்தப் பக்கம் புல்வெளிக் குருவிகள் மட்டும் பாடின. மிச்சமிருந்த ஒன்றிரண்டும் மக்காச்சோளம் இருக்கும் பக்கமே போய்ச் சேர்ந்தன.

அக்டோபரில் வேட்டை திறந்த முதல் நாள் ஐந்து வண்டிகள் வந்தன. கதவுகள் தடதடவென்று அறைந்தன. எல்லோரும் வரிசையாகப் புல்லுக்குள் இறங்கி, மறுகோடிவரை போய், பள்ளத்தைச் சுற்றி வந்தார்கள். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. வண்டி ஏறிப் போகும்போது ஒருவன் வெர்லினைப் பார்த்து, "இங்க என்னப்பா, கொள்ளை நோய் வந்துச்சா?" என்று கேட்டான். வெர்லின் ஆமாம் என்றான்.

அடுத்த வாரம் ஒரே ஒரு வண்டி. அதற்கடுத்து அவன் வண்டி மட்டும். மின்னி அவன் சொன்ன ஒவ்வொரு மூலையிலும் தேடியது. நாக்கைத் தொங்கவிட்டு நின்று அவன் முகத்தைப் பார்த்தது. மறுபடி போகச் சொன்னான். மறுபடி போனது. பறவையே இல்லாத புல்லில் ஒரு நல்ல நாயைத் தேட விடுவது எவ்வளவு கொடுமை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் மாவிஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருப்பாள், ஒரு வண்டியாவது அவள் கண்ணில் படட்டும் என்று தினமும் வேலை முடிந்ததும் போனான்.

மாதக் கடைசியில் அவளே அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"நீ எனக்காக வர்றேன்னு எனக்குத் தெரியும். வேண்டாம். பாவம், அந்த நாய்."

"இன்னும் ஒரு வருஷம், மாவிஸ்."

"எனக்கு எழுபத்தெட்டு. இந்த ஜன்னல்ல உக்காந்து வெறும் புல்ல பாத்துப் பாத்து எனக்குப் பைத்தியம் பிடிக்குது. கர்ட்டுக்குக் குடுத்துட்டேன். நான் மகள்கிட்டப் போறேன்." கொஞ்சநேரம் மேசைத் துணியை நீவிக்கொண்டிருந்தாள். "உன்ன மட்டும் உள்ள விடச்சொல்லிக் கேட்டேன். முடியாதாம். காப்பீடு அது இதுங்கறான். ஆனா வேலைக்கு வர்றதா இருந்தா வரச்சொன்னான். அவனுக்கு நல்ல நாய் இல்லையாம்."

வேட்டைத்துறை ஆள் வந்து மஞ்சள் பலகைகளைக் கழற்றினான். வடக்குப் பக்கத்தில் ஆணி துருப்பிடித்து வரவில்லை. வெர்லின் பிக்கப்பிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து நெம்பிக் கொடுத்தான். ஒன்றை வைத்துக்கொள்கிறாயா என்று அந்த ஆள் கேட்டான். வேண்டாம் என்றான் வெர்லின்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்டிஸ் கேட்டாள்:

"கர்ட்கிட்டப் போகப் போறியாமே? டுவேன் சொன்னான்."

"சனிக்கிழமை மட்டும்."

"காசு குடுத்துச் சுடறவனுங்களுக்கு நீ நாய் ஓட்டணுமா? உனக்கு என்னடா தலையெழுத்து?"

"மின்னிக்கு ஆறு வயசாச்சு. இதுதான் அதுக்கு நல்ல வயசு. நான் பண்ணினதுக்கு அது ஏன் சும்மா கிடக்கணும்?"

சனிக்கிழமை துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். கர்ட் அவனுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு தொப்பி கொடுத்தான். விடுதியின் பெயர் போட்டது. அதைப் போட்டுக்கொண்டான். வந்த நாலு விருந்தாளிகளும் பேசிக்கொண்டே நடந்தார்கள். ஒருவனுடைய கைபேசி புல்லுக்குள் நடுவில் அடித்தது. வெர்லின் அவர்களை எங்கே நிற்க வேண்டும், எப்போது முன்னே போக வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னான். மின்னி உறைந்து நின்றது. அவன் வழக்கம்போல அதன் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றான். சேவல் கிளம்பியது. பின்னாலிருந்து மூன்று பேர் ஒரே நேரத்தில் சுட்டார்கள். மின்னி எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தது. அவன் அதை வாங்கி, யாருடையது என்று அவர்கள் தீர்மானிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் மதியம் சூப்பை ஊற்றிவிட்டு ஆர்டிஸ் எதிரே உட்கார்ந்தாள். அவன் கரண்டியை எடுத்தான்.

"எப்படிடா இருந்துச்சு?"

"நிறைய இருக்கு அக்கா" என்றான் வெர்லின். "அங்க அவ்வளவு பறவை இருக்கு."